மரணக் கணக்கு கற்பிக்கும் பாடம்

தோட்டமொன்றின் பாலர் பள்ளிக் கட்டடத்தில் அண்மையில் சுகாதார விளக்கக் கூட்டம் ஒன்று நடைபெற்றது. மாரடைப்பு, நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவை பற்றிப் பேசி முடித்ததும், முன் வரிசையில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் எழுந்தார். “ஐயா, நான் பால்மரம் சீவத் தொடங்கிய காலத்தில் இந்த நோய்களின் பெயரையே கேட்டதில்லை. காய்ச்சலில் போனார்கள்; பேதியில் போனார்கள். இப்போது எங்கே பார்த்தாலும் நெஞ்சுவலி, புற்றுநோய். இவையெல்லாம் எங்கிருந்து வந்தன?” என்று கேட்டார். பக்கத்திலிருந்த இளைஞர் ஒருவர், “எல்லாம் விதி, பாட்டி” என்றார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது.

மூதாட்டியின் வினா சிரித்து ஒதுக்கத் தக்கதன்று. “பாட்டியம்மா, இதற்கு இரண்டு வார்த்தையில் விடை கூற இயலாது, எழுதித் தருகிறேன்” என்று கூறி வந்தேன். இதே வினாவைத் தொழில் வளமிக்க நாடுகள் நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டு வந்துள்ளன. விடை தேடுவதற்கு அந்நாடுகளிடம் மரண ஏடுகள் இருந்தன. அந்த ஏடுகளைப் படிக்கும் முறையையும் அவை கூறும் செய்தியையும் இக்கட்டுரையில் காண்போம்.

ஏடு பிறந்த கதை

இலண்டன் மாநகரில் கொள்ளைநோய் பரவிய காலங்களில், வாரந்தோறும் இறந்தோர் எண்ணிக்கையைப் பட்டியலிட்டு வெளியிடும் வழக்கம் இருந்தது. ஜான் கிராண்ட் என்ற வணிகர் அப்பட்டியல்களைத் திரட்டி ஆராய்ந்து, 1662ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். மரணத்திலும் ஓர் ஒழுங்கு உண்டு என்பதை எண்களால் காட்டிய முதல் முயற்சிகளுள் அது ஒன்று. சுவீடன் 1749ஆம் ஆண்டில் நாடு முழுவதற்குமான மக்கள் கணக்கைத் தொடங்கியது. இங்கிலாந்தில் 1837ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் அரசாங்கப் பதிவு முறை நடைமுறைக்கு வந்தது. அங்கு 1839ஆம் ஆண்டு பணியேற்ற வில்லியம் ஃபார் என்ற மருத்துவர், மரணக் காரணங்களை வகைப்படுத்தி ஆண்டுதோறும் அறிக்கை எழுதினார்.

நாட்டுக்கு நாடு நோயின் பெயர் வேறுபட்டால் ஒப்பிடுவது எங்ஙனம்? பிரான்சு நாட்டின் ஜாக் பெர்த்தியோன் 1893ஆம் ஆண்டில் அனைத்துலகுக்கும் பொதுவான பட்டியல் ஒன்றை முன்வைத்தார். 1948 முதல் அப்பட்டியலைத் திருத்தி வெளியிடும் பொறுப்பை உலகச் சுகாதார நிறுவனம் ஏற்றது. அதன் பதினோராவது பதிப்பு 2022ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது.

தொற்றுநோய்களின் காலம்

1900ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டில், மரணப் பதிவு நடந்த மாநிலங்களின் ஏட்டைத் திறந்து பார்ப்போம். ஓர் இலட்சம் மக்களுக்கு நிமோனியாவாலும் சளிக்காய்ச்சலாலும் இறந்தோர் ஏறத்தாழ 202 பேர். காசநோயால் 194 பேர். வயிற்றுப்போக்கு, குடல் நோய்களால் 143 பேர். மொத்த மரணங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இம்மூன்றினாலேயே நேர்ந்தது. இதய நோய் நான்காம் இடத்தில், 137 என்ற அளவில் நின்றது. புற்றுநோய் 64 மட்டுமே. இறந்தவர்களில் பத்தில் மூவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

மூதாட்டி தம் இளமையில் கண்ட காட்சிக்கும் இந்த ஏட்டுக்கும் பெரிய வேறுபாடில்லை. செல்வ நாடுகளும் அதே பாதையில்தான் நடந்து வந்தன.

தொற்றுநோய்களை வீழ்த்தியது எது? “புதிய மருந்துகள்” என்று பலரும் உடனே கூறுவர். இங்கிலாந்தின் காசநோய்க் கணக்கு வேறு விடை தருகிறது. 1848 முதல் 1854 வரையிலான ஆண்டுகளில் பத்து இலட்சம் மக்களுக்கு ஆண்டொன்றுக்கு 2,900 பேர் நுரையீரல் காசநோயால் மாண்டனர். 1901ஆம் ஆண்டில் அத்தொகை 1,268 ஆகியது. காசநோயைக் குணப்படுத்தும் முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதோ 1943ஆம் ஆண்டில். மருந்து பிறப்பதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே நோயின் பலம் பாதிக்கு மேல் குன்றிவிட்டது. நல்ல உணவே இதற்குக் காரணம் என்று தாமஸ் மெக்கியோன் என்ற பேராசிரியர் வாதிட்டார். தூய குடிநீர், கழிவுநீர்க் கால்வாய், நெரிசலற்ற வீடு ஆகியவற்றுக்காக நகராட்சிகள் ஆற்றிய பணியே பெரிது என்று பிறர் மறுத்தனர். வாதம் இன்னும் முடியவில்லை. ஆயினும் நோய் மருத்துவமனை வாசலுக்கு வருமுன்பே அதைத் தடுக்க இயலும் என்பதில் இரு சாராருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

வயதைச் சமன் செய்தல்

இனி இதய நோய்க்கு வருவோம். அதற்கு முன் சிறிய கணக்கொன்று போட வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் வீட்டிலிருந்தால் அவர்களையும் அழைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கற்பனை ஊர்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் 20,000 மக்கள். முதல் ஊரில் 18,000 பேர் அறுபது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள். 2,000 பேர் முதியவர்கள். அங்கு இதய நோயால் இளையோரில் ஆயிரத்துக்கு ஒருவரும், முதியோரில் ஆயிரத்துக்கு 20 பேரும் ஓராண்டில் இறக்கின்றனர். 18 பேரும் 40 பேரும் சேர்ந்து 58 மரணங்கள்.

இரண்டாம் ஊரில் இளையோர் 12,000, முதியோர் 8,000. அங்கு இளையோரில் இரண்டாயிரத்துக்கு ஒருவர், முதியோரில் ஆயிரத்துக்கு 10 பேர் இறக்கின்றனர். 6 பேரும் 80 பேரும் சேர்ந்து 86 மரணங்கள்.

86 என்பது 58ஐ விடப் பெரிது. ஆகவே இரண்டாம் ஊரில்தான் இதய நோய் மிகுதி என்று முடிவு கட்டலாமா? ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் இரண்டாம் ஊரின் ஆபத்து முதல் ஊரின் ஆபத்தில் பாதிதான். அங்கு முதியவர் தொகை அதிகம். மரணத் தொகை கூடியதற்கு அதுவே காரணம். இரண்டாம் ஊரின் விகிதத்தை முதல் ஊரின் மக்கள் தொகைக்குப் பொருத்திப் பாருங்கள். 9 பேரும் 20 பேரும் சேர்ந்து 29 வரும்; அதாவது 58இல் சரிபாதி. இம்முறைக்கு வயதுச் சமன்பாடு என்று பெயர். நாடுகளையும் காலங்களையும் ஒப்பிடும்போது இதைச் செய்யாதவர் தவறான முடிவுக்கு வருவது உறுதி.

மூதாட்டியின் வினாவுக்கு முதல் விடை இதில் கிடைக்கிறது. பேதியிலும் காய்ச்சலிலும் குழந்தைகள் இறக்காமல் பிழைத்து முதுமை எய்தினால், முதுமையில் வரும் நோய்களின் எண்ணிக்கை கூடத்தான் செய்யும். ஆனால் அது பாதி விடையே. மறு பாதியை நான்கு நாடுகளின் வரலாறு சொல்லும்.

நான்கு நாடுகள், நான்கு பாதைகள்

அமெரிக்கா: வயதைச் சமன் செய்து பார்த்தால், 1950ஆம் ஆண்டில் இலட்சத்துக்கு 580க்கு மேல் இருந்த இதய நோய் மரணம் 2019ஆம் ஆண்டில் ஏறத்தாழ 160 ஆகக் குறைந்தது. இதய நோய் முதலிடத்தை விட்டு இறங்கவில்லை. ஆனால் அதன் வேகம் நான்கில் மூன்று பங்குக்கு அருகில் தணிந்துவிட்டது. புகைபிடித்தல் குறைந்ததும், இரத்த அழுத்தத்துக்கு மருந்து உண்டதும், மருத்துவமனைச் சிகிச்சை சிறந்ததும் சேர்ந்து தந்த பயன் இது. அதே நாட்டில் 2021ஆம் ஆண்டில் போதைப்பொருளும் வலி மருந்தும் அளவு மீறியதால் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பதையும் மறைக்கக் கூடாது. செல்வம் மட்டும் காவலாகாது.

ஜப்பான்: 1950 வரை அங்கு முதலிடம் வகித்தது காசநோய். 1951 முதல் 1980 வரை பக்கவாதம். 1981 முதல் புற்றுநோய். மாரடைப்போ மேலை நாடுகளை விட எப்போதும் குறைவு. பக்கவாதம் அங்கு ஏன் அவ்வளவு மிகுந்தது? உப்பிட்ட மீன், ஊறுகாய், சோயா அவரைக் கூழ்ச் சாறு ஆகியவற்றை நம்பி வாழ்ந்த வடகிழக்கு ஜப்பானின் அக்கித்தாவில், 1950களில் ஒருவர் நாளொன்றுக்கு 25 கிராமுக்கு மேல் உப்பு உண்டனர். உலகச் சுகாதார நிறுவனம் இன்று பரிந்துரைக்கும் அளவு 5 கிராமுக்கும் குறைவு. இரத்த அழுத்தப் பரிசோதனையை ஊர்தோறும் நடத்தி, உப்பைக் குறைத்து, பக்கவாத மரணத்தை ஜப்பான் வெகுவாகத் தாழ்த்தியது.

பின்லாந்து: இந்நாட்டின் கிழக்கு எல்லையிலுள்ள வட கரேலியா மாநிலத்தில், உழைத்து உரமேறிய ஆண்கள் நடுவயதிலேயே மாரடைப்பால் சாய்ந்தனர். மரம் வெட்டுவோரும் பால் பண்ணை நடத்துவோருமான அம்மக்கள் ரொட்டியில் வெண்ணெயைத் தடித்துப் பூசினர்; உப்பும் புகையும் மிகுதி. “எங்களுக்கு ஏதேனும் செய்யுங்கள்” என்று மக்களே 1971ஆம் ஆண்டில் அரசுக்கு மனுச் செய்தனர். 1972ஆம் ஆண்டில் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவர் தலைமையில் திட்டம் தொடங்கியது. இல்லத்தரசியர் சங்கங்கள் சமையல் முறையை மாற்றிக் காட்டின. ரொட்டித் தொழிற்சாலைகள் உப்பைக் குறைத்தன. சில பால் பண்ணைக்காரர்கள் பழச்செடி பயிரிட்டனர். நாற்பது ஆண்டுகளுக்குள், உழைக்கும் வயது ஆண்களின் மாரடைப்பு மரணம் 80 விழுக்காட்டுக்கும் மேல் வீழ்ந்தது. உடலுழைப்பு மட்டுமே இதயத்தைக் காக்கும் என்று நம்பும் நம் தோட்ட அன்பர்கள் இதனை ஊன்றிப் படிக்க வேண்டும்.

இரஷ்யா: 1960களின் நடுவில் மேலை நாடுகளுக்கு அருகில் வந்திருந்த ஆண்களின் ஆயுள், பின்னர் தேங்கிச் சரிந்தது. 1985ஆம் ஆண்டு மே மாதத்தில் கொர்பச்சேவ் அரசு மது விற்பனையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. 1987க்குள் ஆண்களின் சராசரி ஆயுள் 65ஐ நெருங்கியது. கட்டுப்பாடு தளர்ந்து, 1991இல் சோவியத் ஒன்றியமும் கலைந்தபின், 1994இல் அது 58க்கும் கீழே இறங்கியது. பெண்களுக்கும் ஆண்களுக்கும் இடையே 13 ஆண்டு வேறுபாடு. விபத்து, மது நஞ்சு, இதய நோய் மூன்றும் ஏறி இறங்கியது மதுவின் அளவை ஒட்டியே என்று ஆய்வாளர் காட்டுகின்றனர்.

புகையிலைக்குத் தனி வரலாறு உண்டு. பிரிட்டனில் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் இருவரும் 1950ஆம் ஆண்டில் சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவினர். அந்நாட்டு ஆண்கள் முன்னதாகவே புகைக்கத் தொடங்கியவர்கள். அவர்களிடையே அப்புற்றுநோய் 1970களின் தொடக்கத்தில் உச்சம் தொட்டு இறங்கியது. பெண்கள் பின்னர்ப் பழகினர். அவர்களது உச்சமும் பின்னரே வந்தது. இன்று ஊதும் புகைக்குக் கால் நூற்றாண்டு கழித்தே ஏடு கணக்குக் காட்டும்.

பெயர் மாறினால் கணக்கும் மாறும்

ஏட்டில் எழுதியிருப்பதை அப்படியே நம்பலாமா? 1995ஆம் ஆண்டில் ஜப்பான் மரணச் சான்றிதழின் படிவத்தை மாற்றி, இறுதி நிலையை “இதயச் செயலிழப்பு” என்று எழுத வேண்டாம் என மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. அந்தக் கட்டத்தில் இதய நோய் மரணத் தொகை திடீரெனச் சரிந்தது. ஒருவர் இதயமும் புதிதாக நலம் பெறவில்லை. எழுதும் முறைதான் மாறியது. இறக்கும்போது எவர்க்கும் இதயம் நிற்கத்தான் செய்யும். அதை நிற்க வைத்த தொடக்க நோய் எது என்பதே ஏட்டுக்குத் தேவை. இதற்கு அடிப்படைக் காரணம் என்று பெயர். 1900ஆம் ஆண்டு அமெரிக்க ஏட்டில் “முதுமைத் தளர்ச்சி” என்றும் ஒரு காரணம் உண்டு. எந்த நோயையும் கூறாத அத்தகைய சொற்களை நீக்கப் பல நாடுகள் பல்லாண்டு பாடுபட்டன.

நம் வீட்டு ஏடு

நம் மலேசியாவிலும் மரணங்கள் இரு வகையாகப் பதியப்படுகின்றன. மருத்துவர் சான்றளித்தவை ஒன்று, சான்றளிக்காதவை மற்றொன்று. வீட்டில் நேரும் மரணத்தில், குடும்பத்தார் கூறும் காரணமே பெரும்பாலும் ஏட்டில் ஏறுகிறது. “வயதாகிவிட்டது” என்ற ஒரு சொல்லோடு முடித்துவிடுகிறோம். நீரிழிவில் கால் இழந்த தந்தையும், பல்லாண்டு இரத்த அழுத்தத்தால் வருந்திப் பக்கவாதத்தில் வீழ்ந்த தாயும் அச்சொல்லுக்குள் மறைந்துவிடுகின்றனர். வட கரேலியா மக்கள் தம் மரணக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டே அரசிடம் உதவி கேட்டனர். கணக்கில் இல்லாத துன்பத்துக்கு மருந்தகமும் வராது, மருத்துவரும் வரமாட்டார்.

ஆகவே, வீட்டு முதியோரின் நோய் அட்டையையும் மருந்துச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். துயர வேளையிலும் உண்மையான நோயின் பெயரைக் கூறுங்கள். இறந்தவருக்கு அதனால் பயனில்லை, பேரப்பிள்ளைகளுக்கு உண்டு. தந்தைக்கு வந்த நோயை அறிந்த மகன், நாற்பது வயதில் தன் இரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்வான்.

மூதாட்டிக்கு உரிய விடை இப்போது தயார். பாட்டியம்மா, இந்நோய்களில் ஒரு பகுதி, நம் பிள்ளைகள் பிழைத்து மூத்ததால் வந்தது; அதற்கு மகிழலாம். மறு பகுதி உப்பாலும் புகையாலும் மதுவாலும் கவனியாமையாலும் வந்தது, அதைக் குறைக்கலாம். குறைத்துக் காட்டிய நாடுகள் உள்ளன. அவ்விளைஞரிடமும் ஒன்று கூற வேண்டும்: தம்பி, பத்து ஆண்டுக்கு ஒரு முறை மாறும் கணக்கை விதி என்று எப்படி அழைப்பது?

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. மருந்து வருமுன்பே இங்கிலாந்தில் காசநோய் குறைந்ததற்குக் கூறப்படும் காரணங்கள் யாவை? அவற்றுள் உங்கள் தோட்டத்தில் இன்று குறைவாக உள்ளது எது?

2. முதியவர் மிகுந்த ஊரையும் இளையவர் மிகுந்த ஊரையும் நேரடியாக ஒப்பிடுவது ஏன் தவறு? மேற்கண்ட கணக்கை நீங்களே ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

3. உங்கள் வீட்டில் ஒரு வாரத்துக்கு எவ்வளவு உப்பு செலவாகிறது? அதை வீட்டிலுள்ளோர் தொகையாலும் ஏழு நாளாலும் வகுத்து, கிடைக்கும் விடையை 5 கிராமோடு ஒப்பிடுங்கள். கருவாட்டிலும் ஊறுகாயிலும் உள்ள உப்பு இக்கணக்கில் சேரவில்லை என்பதை மறவாதீர்.

4. உங்கள் பாட்டனார், பாட்டியார் இறந்ததற்குரிய அடிப்படைக் காரணம் என்ன? வீட்டில் அறிந்தவர் உள்ளபோதே கேட்டு எழுதி வையுங்கள்.