வகுப்பறைக்கு வெளியே தமிழ்: 'கதை வகுப்பு' காட்டிய வழி

மலேசியத் தமிழ் மாணவரின் மொழிக்கல்வியில் பன்னிரண்டு வயது ஓர் எல்லைக்கோடு எனலாம். ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில் தமிழோடு வளர்ந்தவர், தேசிய இடைநிலைப்பள்ளியில் காலடி வைத்ததும் வாரத்தில் சில பாடவேளைகள் மட்டுமே தமிழைச் சந்திக்கிறார். அந்தப் பாடவேளைகளுக்கும் உறுதி இல்லை. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால்தான் தமிழ் கற்பிக்க வசதி செய்து தரப்படும். பல பள்ளிகளில் அவ்வகுப்பு பள்ளி முடிந்த பிறகோ சனிக்கிழமையிலோதான் நடக்கிறது.

ஆகவே, வகுப்பறைக்கு வெளியே கற்பது என்பது நமக்குக் கூடுதல் சிறப்பன்று. அது இல்லையெனில் நம் தமிழ் பன்னிரண்டு வயதிலேயே நின்றுவிடும். அப்படி நின்றுவிடாமல் மாணவரைத் தொடர்ந்து கற்கத் தூண்டுவது எப்படி? இதற்கான விடையை நம் நாட்டு வரலாற்றிலேயே காணலாம்.

செய்தித்தாளில் நடந்த வகுப்பு

1924இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட 'தமிழ் நேசன்' நாளிதழ், 1950–51ஆம் ஆண்டுகளில் 'கதை வகுப்பு' ஒன்றை நடத்தியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'வானம்பாடி', 'கந்தசாமி வாத்தியார்' என்னும் புனைபெயர்களில் இதனை வழிநடத்தினர். சிறுகதை என்றால் என்ன, அதை எப்படி எழுதுவது என்று நாளிதழ் வழியாகவே பாடம் சொல்லி, பயிற்சி தந்து, வாசகர்கள் எழுதி அனுப்பியவற்றை மதிப்பிட்டனர்.

அன்றைய சூழலை எண்ணிப் பார்க்க வேண்டும். 1948இல் அறிவிக்கப்பட்ட அவசரகாலம் அப்போது உச்சத்தில் இருந்தது. தோட்டங்களில் முள்வேலியும் ஊரடங்கும் இருந்தன. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகள் தொடக்கக் கல்வியோடு முடிந்துவிட்டன; அதற்குமேல் தமிழில் படிக்க இடைநிலைப்பள்ளி இல்லை. அத்தகைய இளைஞர்களுக்குக் கதை வகுப்பே ஒரு மேல்நிலை வகுப்பாக அமைந்தது என்றால் மிகையாகாது. மலேசியச் சிறுகதை வரலாற்றை எழுதுவோர் இவ்வகுப்பைத் தவறாமல் குறிப்பிடுவதற்கும் இதுவே காரணம்.

இம்முயற்சி தனித்து நிற்கவில்லை. 1952இல் தமிழ்நாட்டிலிருந்து வந்து 'தமிழ் நேசன்' ஆசிரியர் குழுவில் பொறுப்பேற்ற எழுத்தாளர் கு. அழகிரிசாமி, 1957இல் நாடு திரும்பும் வரை கோலாலம்பூரில் இலக்கிய வட்டம் நடத்தி, இளம் எழுத்தாளர்களோடு அமர்ந்து கதைகளைப் பற்றி உரையாடினார். சிங்கப்பூரிலிருந்து தமிழவேள் கோ. சாரங்கபாணி நடத்திய 'தமிழ் முரசு', 1950களின் தொடக்கத்தில் மாணவர்களுக்கென்றே 'மாணவர் மணிமன்றம்' பகுதியைத் தொடங்கியது. அங்கு எழுதிப் பழகிய மாணவர்கள் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் மணிமன்றங்களை அமைத்து ஒன்றுகூடினர்.

மூன்று கூறுகள்

இம்முயற்சிகளை உற்று நோக்கினால் மூன்று கூறுகள் தெரிகின்றன. முதலாவது, 'நிறையப் படியுங்கள்' என்ற பொதுவான அறிவுரைக்குப் பதிலாக, இதைச் செய்து அனுப்பு என்ற திட்டவட்டமான சிறு பணி. இரண்டாவது, அனுப்பியதைப் படித்துப் பதில் சொல்ல ஒருவர். மூன்றாவது, தம்மைப் போலவே முயலும் பிறரைக் காணும் வாய்ப்பு.

இவற்றுள் இரண்டாவதே உயிர்நாடி என்பது என் கருத்து. புத்தகம் எங்கும் கிடைக்கும். இன்று கைப்பேசியில் ஒரு நூலகமே கிடைக்கிறது. ஆனால், நாம் எழுதியதைப் படித்து, "இந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் சொல்" என்று கேட்கும் ஒருவர் எளிதில் கிடைப்பதில்லை.

பத்துச் சொற்கள்

இதை நான் கிள்ளானில் இரண்டாம் படிவம் படித்தபோது நேரில் உணர்ந்தேன். எங்கள் தமிழாசிரியை ஒரு முறை, "வீட்டில் உள்ள பெரியவர்களிடம் பேசி, பாடநூலில் இல்லாத பத்துச் சொற்களைக் கொண்டு வாருங்கள்" என்றார். தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் என் பாட்டி. பெரட்டு, மங்கு, வெட்டுக்காடு, தண்டல், கிராணி, ஆயாக்கொட்டகை என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு போனேன்.

ஆசிரியை மதிப்பெண் போடவில்லை. 'பெரட்டு' என்ற சொல்லின் பக்கத்தில் சிவப்பு மையில், "எத்தனை மணிக்கு? பெயர் கூப்பிடுவது யார்? வராதவருக்கு என்ன ஆகும்? பாட்டியிடம் கேட்டு வா" என்று எழுதியிருந்தார். கேட்டேன். விடிவதற்கு முன்பே வரிசையில் நின்ற கதை வந்தது. பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு ஓடிய கதை வந்தது. பத்துச் சொற்கள் நான்கு பக்கங்களாயின. அவரது கேள்விகளே என்னை வகுப்பறையிலிருந்து பாட்டியின் அருகே கொண்டுபோய் அமர்த்தின. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்ட கிள்ளான் பள்ளத்தாக்கில், இச்சொற்களைப் புழங்கிய தலைமுறை நம்மிடையே நெடுங்காலம் இருக்கப் போவதில்லை.

நம் பங்கு

'தமிழ் நேசன்' 2019ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நின்றுவிட்டது. கதை வகுப்பு நடத்திய நாளிதழ் இன்று இல்லை. அப்படியானால், இன்றைய பதின்மூன்று வயது மாணவர் எழுதுவதைப் படித்துப் பதில் சொல்பவர் யார்?

அந்த இடத்தைப் பல்கலைக்கழக மாணவர்களாகிய நாம் நிரப்ப முடியும். மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையின் சிறுகதைப் போட்டியில் பொதுப் பிரிவோடு மாணவர் பிரிவும் இருப்பது நல்ல முன்மாதிரி. ஆயினும் போட்டியில் வெல்பவர் சிலரே. வெல்லாதவருக்கும் ஒரு பதில் தேவை. நம் கழக உறுப்பினர் ஒவ்வொருவரும் கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ தம் வீட்டருகிலோ உள்ள ஓர் இடைநிலைப்பள்ளி மாணவரை ஏற்றுக்கொள்ளலாம். மாதம் ஒரு சிறு பணி கொடுப்போம்: பாட்டியின் பத்துச் சொற்கள், தெங்கு கிளானா சாலைக் கடைப் பலகைகளில் கண்ட தமிழ், படித்த ஒரு சிறுகதையைப் பற்றி அரைப்பக்கம். அவர் எழுதியதைப் படித்து, திருத்தத்தோடு ஒரு கேள்வியும் எழுதித் திருப்பிக் கொடுப்போம்.

முன்னாள் மாணவர்களும் இதில் கைகொடுக்கலாம். பணச்செலவு அதிகமில்லை, மாதம் ஒரு மணி நேரம் போதும். 15 பேர் சேராததால் தமிழ் வகுப்பு இல்லாத பள்ளியிலும் ஒரே ஒரு மாணவர் இருக்கக்கூடும். சட்டம் அவரைக் கணக்கில் கொள்ளாமல் போகலாம். நாம் கணக்கில் கொள்வோமாக.