மோட்டார் சைக்கிள் யாத்திரையில் நகரத்துத் தங்குமிடம்

நெடுந்தூர மோட்டார் சைக்கிள் யாத்திரைக்குப் புறப்படுகிறவர்கள் எஞ்சின் எண்ணெய் மாற்றுவதிலும், சங்கிலியின் தொய்வைச் சரிசெய்வதிலும், மலைப்பாதையில் எந்த வளைவு அபாயமானது என்று விசாரித்து வைப்பதிலும் காட்டுகிற சிரத்தையில் கால் பங்கைக்கூட, இரவில் அந்த வண்டி எங்கே நிற்கப் போகிறது என்ற விஷயத்தில் காட்டுவதில்லை. பகலில் கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் நிதானமாக ஏறி இறங்கியவர், மாலை ஏழு மணிக்கு அறியாத ஊரின் கடைவீதியில் பசியும் களைப்புமாக நுழைந்து, முதலில் கண்ணில் பட்ட லாட்ஜில் அறையைப் பார்த்து முன்பணமும் கட்டிவிட்டு, அதன் பிறகே “வண்டியை எங்கே விடுவது?” என்று கேட்பதைப் பல ஊர்களில் கண்டிருக்கிறேன். வண்டி ஓட்டத் தெரிந்தவர்களுக்காகவே இதை எழுதுவதால், அறை வாடகை பேசுவது போன்ற சாதாரண விஷயங்களை விட்டுவிடுகிறேன். நான் வற்புறுத்துவது ஒன்றே: முதலில் வண்டிக்கு இடம் பாருங்கள், அது திருப்தியான பிறகே உங்களுக்கு அறை பாருங்கள்.

1. வட்டாரத்தைத் தீர்மானித்தல்

லாட்ஜைத் தேடுமுன் ஊரின் எந்தப் பகுதியில் தங்குவது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். மதுரையை எடுத்துக்கொள்வோம். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று ஒன்றன் புறத்தே ஒன்றாக அமைந்த பழைய நகரத்தில் கட்டடங்கள் இடைவெளியின்றி ஒட்டி நிற்பதால், உள்முற்றம் உடைய லாட்ஜ் கிடைப்பது அபூர்வம். கோயில் மதிலை அடுத்த சித்திரை வீதிகளிலோ வாகனங்களுக்கு அனுமதியே இல்லை. ரயில் நிலையத்துக்கு அருகே மேற்குப் பெருமாள் மேஸ்திரி வீதியிலும் டவுன்ஹால் ரோட்டிலும் லாட்ஜுகள் வரிசையாக இருப்பது வாஸ்தவமே. ஆயினும் ரயிலிலும் பஸ்ஸிலும் வந்திறங்குகிறவர்களுக்கு அவை சௌகரியமே தவிர, வண்டியோடு வருகிறவர் அங்கே வீதியோரத்தை நம்பியிருக்கவே பெரும்பாலும் நேரும். ஆகையால் வைகையின் வடகரையில் அழகர்கோயில் சாலை, கே.கே. நகர், மாட்டுத்தாவணி ஆகிய பக்கங்களில், சுற்றுச்சுவரும் கேட்டும் உள்ள இடமாகப் பார்த்துத் தங்கி, வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு, கோயிலுக்கு டவுன் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போய் வருவதே உத்தமம்.

இந்த யோசனைக்கும் ஒரு விலக்கு உண்டு. சித்திரைத் திருவிழாவின்போது மாசி வீதிகளில் தேர் ஓடுகிறது. அதையடுத்துக் கள்ளழகர் வைகையில் எழுந்தருள வருகிற வழியோ, நான் மேலே சிபாரிசு செய்த அதே அழகர்கோயில் சாலைதான். அழகரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை நாளில், அச்சாலையில் உள்ள தல்லாகுளத்தைச் சுற்றி நடப்பதற்கே இடமிராது. அத்தினங்களில் மதுரைக்குள் வண்டியோடு தங்க எண்ணாமல், திருமங்கலத்திலோ மேலூரிலோ தங்கிவிட்டுப் பஸ்ஸில் வருவதே விவேகம். உற்சவ நாட்காட்டியைப் பார்க்காமல் எந்தக் கோயில் நகரத்துக்கும் வண்டியில் போகலாகாது. புதுச்சேரிக்குப் போகிறவர்களும், கடற்கரைச் சாலை மாலை முதல் மறுநாள் காலை வரை வாகனங்களுக்கு மூடப்படுகிறது என்பதை அறிந்துகொண்டே அதன் மருங்கில் அறை எடுக்க வேண்டும்.

2. தொலைபேசியில் விசாரித்தல்

“பார்க்கிங் இருக்கிறதா?” என்று கேட்பது பிரயோஜனமற்ற கேள்வி, கேட்ட எல்லா லாட்ஜிலும் “இருக்கிறது சார்” என்றுதான் பதில் வரும், வாசலுக்கு முன்னால் உள்ள நகராட்சிச் சாலையும் அவர்கள் கணக்கில் பார்க்கிங்தான் ஆதலால். அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்: “அண்ணே, ராத்திரி பதினொரு மணிக்கு மேலே பைக் எங்கே நிற்கும்? கேட்டுக்கு உள்ளேயா, வெளியேயா?” அடுத்து, “காலையில் ஐந்து மணிக்குக் கிளம்பினால் கேட்டைத் திறந்துவிட ஆள் இருப்பாரா?” மூன்றாவதாக, “உள்ளே கொண்டுபோகப் படி ஏற வேண்டுமா, சரிவு இருக்கிறதா?”

இந்த மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்கிறவர் அந்த இடத்தை அறிந்தவர். “வாசலிலேயே விடலாம் சார், ஒன்றும் ஆகாது” என்றால் தெரு என்று பொருள். “பக்கத்தில் இடம் இருக்கிறது” என்றால் அந்த இடம் அவர்களுடையதன்று. இரவில் அதற்குப் பொறுப்பாளியும் இல்லை. “வாங்க சார், பார்த்துக்கலாம்” என்றால் அங்கே போக வேண்டாம். முன்பதிவுத் தளங்களில் காணும் ‘இலவச வாகன நிறுத்தம்’ என்ற குறிப்பு பெரும்பாலும் காரை உத்தேசித்தது. அதைவிட, செயற்கைக்கோள் வரைபடத்தில் அந்தக் கட்டடத்தைப் பெரிதாக்கி, சுற்றுச்சுவருக்குள் காலியிடம் தெரிகிறதா என்று பார்ப்பது மேல். இரண்டு நிமிஷத்து வேலையான இதைச் செய்யாதவர்களைக் கண்டால் எனக்குப் பொறுமை போய்விடுகிறது.

3. நேரில் பார்த்தல்

பெரும்பாலோர் இடறி விழுவது இந்தப் படியிலேயாதலால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். ஊருக்குள் மாலை நாலு மணிக்கு நுழைந்துவிட வேண்டும். வெளிச்சம் இருக்கையில்தான் இடத்தின் குறைகள் கண்ணுக்குத் தெரியும், பிடிக்காவிட்டால் வேறிடம் போகவும் அவகாசம் இருக்கும். ரிசப்ஷனில் அறையைக் காட்டச் சொல்லாதீர்கள். வண்டி நிற்கும் இடத்தை முதலில் காட்டச் சொல்லுங்கள். அதற்குத் தயங்குகிற இடத்தில் மேற்கொண்டு பேச்சு வேண்டாம்.

அங்கே போனதும் முதலில் கவனிக்க வேண்டியது, லாட்ஜ் மானேஜரின் சொந்த இருசக்கர வாகனம் இரவில் எங்கே நிற்கிறது என்பது. இதைக் கேட்டறிவது நான் கைக்கொள்ளும் உபாயங்களிலெல்லாம் சிறந்தது. இடத்தின் பத்திரத்தைப் பற்றி அங்கேயே வேலை பார்க்கிறவர் தம் வண்டியைக் கொண்டு சொல்லும் சாட்சியம் அது. உங்கள் வண்டிக்கும் அதே மூலையைக் கேளுங்கள். அநேகமாக மறுக்க மாட்டார்.

இரண்டாவதாக, அந்த முற்றத்தை வேறு யார் உபயோகிக்கிறார்கள் என்று பாருங்கள். கீழ்த்தளத்தில் மதுக்கூடம் உள்ள லாட்ஜ், மற்றெல்லா வசதியும் இருந்தாலும், நமக்கு ஆகாது; நள்ளிரவு வரை முகம் தெரியாதவர்கள் வந்து போகிற இடத்தில் வாட்ச்மேன் யாரென்று எவரைக் கேட்பார்? கல்யாண மண்டபத்தோடு சேர்ந்த விடுதியானால் மறுநாள் முகூர்த்தமா என்று விசாரியுங்கள்; முகூர்த்தமானால் இரவோடிரவாக வந்து சேரும் கார்கள் உங்கள் வண்டியை மறித்து நிற்க, அவற்றின் சாவிகள் எந்த அறையில் உறங்குகின்றன என்று விடியற்காலையில் தேட நேரும்.

மூன்றாவது, காவல். வாட்ச்மேன் இருக்கிறார் என்ற வார்த்தை போதாது. அவருடைய நாற்காலியோ கட்டிலோ எங்கே கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். அது கேட்டுக்கும் வண்டிக்கும் இடையே இருந்தால் நலம். கட்டடத்தின் பின்புறம் மோட்டார் அறையில் இருந்தால் இரவில் காவல் இல்லை என்றே கொள்ளுங்கள். கேமரா இருந்தால், அது பார்ப்பது சாலையையா வண்டியையா என்று ரிசப்ஷன் திரையில் காட்டச் சொல்லிப் பாருங்கள். திரை இருண்டு கிடந்தால் கேமராவைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

நான்காவது, வழி. சுமையேற்றிய வண்டியை நாம் தள்ளிக்கொண்டு திரும்ப முடியுமா என்பதே கேள்வி. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 தானே ஏறத்தாழ 195 கிலோ. பெட்டியும் பையும் சேர்ந்தால் இருநூறைத் தாண்டிவிடும். செங்குத்தான வழுவழுத்த சரிவில் முன்பக்கமாக இறக்கிவிட்டு, காலையில் பின்பக்கமாக ஏற்ற முடியாமல் திண்டாடுகிறவர்களைக் காணலாம். உள்ளே திருப்ப இடமில்லையென்றால், மாலையிலேயே முகப்பு வெளியே பார்க்கும்படி பின்னுக்குத் தள்ளி நிறுத்துங்கள். சிறு லாட்ஜுகளில் இரவு வாடிக்கையாளர் வரவு அடங்கிய பிறகு, வாசற்படிக்கு மேல் பலகை போட்டு வண்டியை ரிசப்ஷன் நடைக்குள்ளேயே ஏற்றிக்கொள்ள அனுமதிப்பதுண்டு. ஷட்டருக்கு உள்ளே, மானேஜர் கண்ணெதிரே நிற்பதைவிடப் பத்திரமான இடம் நகரத்தில் கிடையாது. வாய்விட்டுக் கேட்டால் ஒழிய இதை எவரும் தாமாகச் சொல்வதில்லை.

நிலவறை நிறுத்துமிடத்தைப் பற்றி ஒரு கண்டிப்பான விதி: அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையில் நிலவறையில் வண்டியை விடக்கூடாது. 2015 டிசம்பர் பெருவெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலும் நகரத்தின் நிலவறைகளில் நின்ற வாகனங்கள் நீரில் மூழ்கின. ஒருகால் அப்படி மூழ்கிவிட்டால், ஸ்டார்ட் செய்து பார்க்கிற ஆசையை அடக்கிக்கொண்டு மெக்கானிக்கிடம் தள்ளிச் செல்லுங்கள். எஞ்சினுக்குள் நீர் இருக்கையில் இயக்கினால் பழுது பன்மடங்காகும்.

எல்லாம் பார்த்த பிறகும் சந்தேகம் மிஞ்சினால், எதிரே உள்ள டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, “இங்கே ராத்திரியிலே வண்டி விடலாமாண்ணே?” என்று கேளுங்கள். அந்தத் தெருவின் இரவை அறிந்த அவர் சொல்கிற ஒரு வார்த்தை நம்பத் தகுந்தது.

4. இரவுக்கு நிறுத்துதல்

ஹேண்டில் பூட்டை மட்டும் நம்புவது தவறு. பலமாக ஒருமுறை திருகினால் அது உடைந்துவிடும். முன்சக்கரத்து டிஸ்க்கில் ஒரு பூட்டு, பின்சக்கரத்தின் ஊடே கனத்த சங்கிலி, அந்தச் சங்கிலி அசையாத இரும்புத் தூணோடு பிணைந்திருத்தல் என்ற மூன்றும் வேண்டும். தூணோடு பிணைக்காத வண்டியைப் பூட்டோடு நாலுபேர் தூக்கி லோடு ஆட்டோவில் ஏற்றிவிட முடியும். சங்கிலி தரையில் கிடக்கலாகாது. தரையில் கிடந்தால் சம்மட்டியால் அடித்து உடைப்பது சுலபம். நண்பர்களாகச் சேர்ந்து போனால் வண்டிகளை ஒன்றோடொன்று பிணையுங்கள். டிஸ்க் பூட்டிலிருந்து ஹேண்டிலுக்கு ஒரு வண்ணக் கயிற்றைக் கட்டிவைக்காவிட்டால், அதிகாலை அவசரத்தில் பூட்டை மறந்து வண்டியை நகர்த்தி, டிஸ்க்கையும் காலிப்பரையும் கெடுத்துக்கொள்ள நேரும். மண் தரையானால் சைடு ஸ்டாண்டுக்கு அடியில் தட்டையான கல்லை வையுங்கள்.

பைகள் யாவும் அறைக்கு வரவேண்டும். ஆர்.சி. முதலிய மூலப் பத்திரங்களை வண்டியில் வைப்பதைவிடப் பெரிய அஜாக்கிரதை இல்லை; டிஜிலாக்கரில் உள்ள பிரதியே வழியில் சோதனைக்குப் போதும். இரண்டாவது சாவி வீட்டிலேயே இருக்கட்டும். களவு போனால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் இரண்டு சாவிகளையும் கேட்கும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் உள்ளவருக்கோ களவுக்கு இழப்பீடே கிடையாது என்பதைப் புறப்படுமுன் நினைவில் கொள்ளுங்கள்.

5. சீட்டு வாங்குதல்

‘வாகனங்கள் உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில்’ என்ற பலகையைக் கண்டு தளர வேண்டியதில்லை. தில்லியில் ஒரு நட்சத்திர விடுதியின் பணியாளரிடம் ஒப்படைத்த கார் களவுபோன வழக்கில், வாகனம் விடுதியின் வசம் ஒப்படைக்கப்பட்ட பிறகு, தன் கவனக்குறைவுக்கான பொறுப்பை அத்தகைய வாசகத்தைக் காட்டி விடுதி தட்டிக்கழிக்க முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் ஆதாரம் ஒப்படைப்பு. நாமே நிறுத்திச் சாவியையும் நாமே வைத்துக்கொள்ளும் வண்டிக்கு அது அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது; ஆயினும் வண்டி அவர்கள் வளாகத்தில் நின்றதற்கு எழுத்து மூலமான சாட்சியம் இருப்பது எவ்விதத்திலும் அவசியம். ஆகையால் வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயரோடு வண்டி எண்ணையும் எழுதச் செய்து, அந்தப் பக்கத்தையும் நிற்கிற வண்டியையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். டோக்கன் தருகிற இடமானால் அது சட்டைப்பையில் இருக்கட்டும். சாவியை மட்டும் எவரிடமும் கொடுக்க வேண்டாம். நகர்த்த வேண்டுமானால் உங்களை எழுப்பச் சொல்லுங்கள்.

6. இடம் அமையாத இரவு

முதலில் மாநிலச் சுற்றுலாக் கழகங்களின் விடுதிகளை விசாரியுங்கள். தமிழ்நாட்டில் ‘ஹோட்டல் தமிழ்நாடு’, கர்நாடகத்தில் ‘மயூரா’ என்ற பெயர்களில் நடக்கும் இவற்றில் பல, நிலம் தாராளமாகக் கிடைத்த காலத்தில் விசாலமான வளாகத்தோடு அமைந்தவை. மெத்தை பழையதாக இருந்தாலும் கேட் இருக்கும்.

அதுவும் கிடைக்காவிட்டால் ரயில் நிலையத்து ஸ்டாண்டை நாடுங்கள். பெரிய நிலையங்களில் இரவு முழுதும் ஆள் இருந்து டோக்கன் கொடுப்பார்கள்; வண்டியை அங்கே விட்டு, எதிரே உள்ள லாட்ஜில் நிம்மதியாக உறங்கலாம். ஹெல்மெட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ரயில் நிலைய ஓய்வறையிலேயே தங்கலாம் என்று எண்ணிவிட வேண்டாம். அதற்கு ரயில் டிக்கெட் வேண்டும்.

7. காலையில் புறப்படுதல்

பூட்டுகளை அவிழ்த்த பின், டயர்களையும் பெட்ரோல் குழாயையும் பிரேக் ஒயரையும் ஒருமுறை கையால் தொட்டுப் பாருங்கள். பெட்ரோல் அளவைக் கவனியுங்கள். வாட்ச்மேனுக்குக் கொடுக்கிற பணத்தை மாலையில் பாதி, காலையில் பாதியாகக் கொடுப்பது என் நியதி. அதைக் கொடுக்கையில் அவர் பெயரையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஊருக்கு அடுத்து வருகிற நண்பரிடம் லாட்ஜின் பெயர், வண்டி நின்ற மூலை, வாட்ச்மேன் பெயர் ஆகிய மூன்றையும் சொல்லிவிட்டால், இத்தனை விசாரணையும் அவருக்கு மிச்சம்.