இரவல் நிரலைச் சோதித்து ஏற்றல்



இணையதளம் அமைப்பவர் பெரும்பாலும் தம் பக்கத்துக்கு வேண்டிய நிரல் முழுவதையும் தாமே எழுதுவதில்லை; படங்களை நகர்த்தவும் நாள்காட்டியைக் காட்டவும் பிறர் எழுதிப் பொதுவில் வைத்த ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளையே பயன்படுத்துகின்றனர். ‘லைப்ரரி’ என வழங்கும் இத்தொகுப்புகள், பல நாடுகளில் படிகளை வைத்திருந்து அருகிலிருந்து அனுப்பும் ‘சிடிஎன்’ சர்வர்களில் கிடைப்பதால், பக்கத்தில் ஒரு வரி முகவரி எழுதினாலே உலாவி கோப்பை எடுத்து வந்து இயக்கிவிடுகிறது. அவ்வாறு வந்த நிரலுக்குப் பக்கத்தின் சொந்த நிரலுக்குள்ள உரிமைகள் அனைத்தும் கிடைப்பதால், படிவத்தில் தட்டும் கடவுச்சொல்லைப் படிக்கவும் அதனால் முடியும்.

இந்த ஏற்பாட்டின் ஆபத்து 2018 பிப்ரவரி 11 அன்று வெளிப்பட்டது. வாசிக்க இடர்ப்படுவோருக்காகப் பக்கத்தை உரக்கப் படித்துக் காட்டிய ‘பிரௌஸ்அலவுட்’ கருவியின் ஸ்கிரிப்ட் கோப்புக்குள், பார்வையாளரின் கணினியைக் கொண்டே ‘மொனேரோ’ என்னும் மின்நாணயத்தை ஈட்டிய ‘காயின்ஹைவ்’ நிரல் புகுத்தப்பட்டது. மாற்றப்பட்டது ஒரு கோப்பு. அதை ஏற்றி வந்த 4,000-க்கும் மேற்பட்ட தளங்களோ அந்நிரலைத் தம் வாசகர்களுக்குப் பரிமாறின. தனிமனிதத் தரவுகளின் பாதுகாப்பைக் கண்காணிக்கும் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகத் தளமும் அவற்றுள் அடங்கும். ‘எச்டிடிபிஎஸ்’ என்னும் பாதுகாப்பான இணைப்பு முறை இங்கு உதவவில்லை. அது கோப்பு வழியில் திருத்தப்படாமல் காக்குமேயன்றி, புறப்படும் இடத்திலேயே திருத்தப்பட்டதை அறியாது.

இக்குறைக்கு மாற்றாக, வலைத் தரங்களை வகுக்கும் ‘டபிள்யு3சி’ அமைப்பு 2016 ஜூனில் பரிந்துரைத்த முறை ‘சப்ரிசோர்ஸ் இன்டெக்ரிட்டி’ எனப்படும். இதன் அடிப்படை ‘ஹாஷ்’ என்னும் கணக்கு. அது எவ்வளவு பெரிய கோப்பையும் குறித்த நீளமுள்ள குறியாகச் சுருக்குகிறது, கோப்பில் ஓர் இடைவெளி கூடினாலும் முற்றிலும் வேறான குறியைத் தருகிறது. ‘ஷா-384’ என்னும் வகையில் அக்குறி 384 பிட் கொண்டது. பக்கத்தில் எழுதும் வடிவில் 64 எழுத்துகள்.

தளத்தை அமைப்பவர் தாம் படித்துச் சோதித்த கோப்புக்கு இக்குறியைக் கணக்கிட்டு, ஸ்கிரிப்ட் வரியில் முகவரியை அடுத்து ‘இன்டெக்ரிட்டி’ என்ற பண்பாக எழுதுகிறார். உலாவி, வந்து சேர்ந்த கோப்புக்குத் தானும் குறியைக் கணக்கிட்டு, இரண்டும் ஒத்தால் இயக்குகிறது. ஒவ்வாவிட்டால் கோப்பே வந்து சேராதது போலக் கருதி ஒதுக்கிவிடுகிறது. கோப்பு வேறு தளத்திலிருந்து வருமானால் ‘கிராஸ்ஆரிஜின்’ என்ற பண்பும் வேண்டும், அனுப்பும் சர்வரும் அதற்கு இசைய வேண்டும். இல்லையெனில், ஹாஷ்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தே பிறர் தளத்துக் கோப்பின் உள்ளடக்கத்தை ஊகித்துவிட இடமுண்டு.

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. ஏற்கெனவே கெட்டுப்போன கோப்புக்குக் குறி எடுத்தவர் அந்தக் கேட்டுக்கே சான்றளித்தவர் ஆவார். சோதித்து ஏற்றிய ஸ்கிரிப்ட் தானாக வேறொன்றை வரவழைத்தால் அந்த இரண்டாவது கோப்பு இச்சோதனைக்கு உட்படுவதில்லை. அடிக்கடி மாறும் கோப்புக்கும் நிலையான குறி பொருந்தாது. பழைய உலாவிகளின் குறைகளை நிரப்பிய ‘பாலிஃபில்.ஐஓ’ சேவை, உலாவிக்கேற்ப வெவ்வேறு கோப்பை அனுப்பியதால் அதற்குக் குறி எழுத வழியில்லாதிருந்தது. அதன் முகவரி 2024 பிப்ரவரியில் கைமாறி, ஜூனில் அங்கிருந்து வந்த நிரல் கைபேசி வாசகர்களைச் சூதாட்டத் தளங்களுக்குத் திருப்பியது தெரியவந்தபோது, 1,00,000-க்கும் மேற்பட்ட தளங்கள் அதை ஏற்றிக்கொண்டிருந்தன. முகவரியில் மாற்றமில்லை, அதன் உரிமையாளர்தான் மாறியிருந்தார்.

ஆகவே நம்பிக்கை வைக்க வேண்டியது கோப்பின் உள்ளடக்கத்தின் மீதேயன்றி, அது வரும் முகவரியின் மீதன்று. இளம் வாசகர் தம் பக்கத்தில் உள்ள வெளி ஸ்கிரிப்ட் வரிகள் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்க்க வேண்டும்: தேவையற்றதை நீக்குக, பதிப்பு எண் மாறாததற்கு ஹாஷ் எழுதுக, குறி எழுத இயலாததைப் படித்துச் சோதித்துத் தம் சொந்த சர்வரிலேயே வைத்துக்கொள்க.