கோடைக் குளமும் புலியும்: இளம் காட்டுயிர் ஒளிப்படக் கலைஞருக்கு ஒரு கடிதம்

ராஜஸ்தானின் ரண்தம்பூர் காட்டில் மே, ஜூன் மாதங்களில் வெயில் 45 பாகை செல்சியஸைத் தொடும். ஓடைகள் வற்றிவிடும். பத்ம தலாவ், ராஜ்பாக் போன்ற ஏரிகளிலும் ஆங்காங்கே குட்டைகளிலுமே நீர் மிஞ்சும். மான்கள் அங்கே வந்தே ஆகவேண்டும். அந்த மாதங்களில் புலி இரை தேடி அலைவதைவிட நீரோரம் காத்திருப்பதே மிகுதி.

அங்குள்ள கடமான்கள் ஏரிக்குள் இறங்கி நீர்த்தாவரங்களை மேயும் வழக்கமுடையவை. புலியோ பொதுவாகப் பதுங்கி நெருங்கி, குறுகிய தூரத்தில் பாயும் விலங்கு. 1980களில் செங்கிஸ் எனப் பெயர் பெற்ற ஆண் புலி அந்த வழக்கத்தை மீறியது. கரைப் புல்லிலிருந்து கிளம்பி, கடமான் கூட்டத்தைத் துரத்தியபடி நேராக ஏரிக்குள் ஓடியது. ஆழத்தில் மானின் கால் வேகம் குறையும், கூட்டம் சிதறும், பின்தங்கிய ஒன்று அகப்படும். வனத்துறை அதிகாரி ஃபதே சிங் ரத்தோரும் எழுத்தாளர் வால்மீக் தாப்பரும் இதைப் பதிவுசெய்ய முடிந்தது, ஒரே ஏரிக்கரையில் நாள்கணக்காகக் காத்திருந்ததால்தான். இந்தத் துறையின் ஆகச் சிறந்த பாடம் அதுவே.

கழுத்தளவு நீரில் அமர்ந்திருக்கும் புலி பெரும்பாலும் உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. வேட்டைக்குப் பதுங்கியிருக்கும் புலி கண்ணில் படுவது அரிது. அதனால் கலைஞர் பார்க்க வேண்டியது மானை. கடமான் வாலைத் தூக்கி, முன்காலால் தரையை உதைத்து ஒரே திசையை நோக்கினால் ஆபத்து அருகில் இருக்கிறது. புள்ளிமான் சில வேளை வெறும் ஐயத்திலும் கத்திவிடும். கடமானின் எச்சரிக்கைக் குரலை அதைவிட நம்பலாம். பாய்ச்சல்களில் பெரும்பாலானவை தோற்றுப்போகும். தோற்ற பாய்ச்சலும் படமாக்கத் தக்கதே.

வெயில் ஏறியதும் தரையிலிருந்து எழும் வெப்பக் காற்றின் அசைவு தொலைவுப் படத்தைக் குழப்பும். எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸும் அதைத் திருத்தாது. ஆகவே விடிந்த முதல் இரண்டு மணி நேரமும் மாலைச் சரிவும் பொன்னானவை. நீரின் பளபளப்பு கேமராவின் ஒளிமானியை ஏமாற்றி, புலியின் முகத்தை இருட்டாக்கும். ஒளி அளவைப் புலியின் முகத்திலிருந்து எடுத்து, ஷட்டர் வேகத்தை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் வைத்தால் தெறிக்கும் துளியும் உறைந்து நிற்கும்.

மற்றெல்லாவற்றையும்விட முக்கியமானது வண்டி நிற்கும் இடம். தாகத்தோடு வரும் விலங்குக்கும் நீருக்கும் இடையில் ஜிப்சி வண்டி நின்றால் அது திரும்பிவிடும். குட்டிகளோடு வரும் பெண் புலி வெயிலிலேயே காத்துக் கிடக்கும். பயணியின் அன்பளிப்பை எதிர்பார்க்கும் ஓட்டுநர் தாமாக வண்டியை நகர்த்தத் தயங்குவார். “பின்னால் எடுங்கள்” என்று முதலில் சொல்ல வேண்டியவர் கேமராவைப் பிடித்திருப்பவரே. படம் கைநழுவினாலும் அவர் அதைச் சொல்ல வேண்டும்.