குதிரையின் வாயும் கடிவாளக் கம்பியும்

பெங்களூரில் ஆஸ்டின் டவுனை அடுத்துள்ள அகரம் பகுதி, ஆர்மி சர்வீஸ் கோர் பயிற்சி மையத்தாலும் அங்குள்ள குதிரையேற்றக் கழகத்தாலும் குதிரைகளோடு தொடர்புடையது. பெங்களூரைச் சேர்ந்த ஃபவாத் மிர்சா 2018-ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டுகளில் முப்பிரிவுக் குதிரையேற்றப் போட்டியில் தனிநபர் வெள்ளிப் பதக்கம் பெற்றார். இப்போட்டியில் ஒழுங்கு நடை, நெடுவெளி ஓட்டம், தடை தாண்டல் ஆகிய மூன்றையும் ஒரே குதிரை நிறைவேற்ற வேண்டும். பிரிவுக்கு ஏற்பக் கடிவாளக் கம்பியை மாற்ற விதிகள் இடந்தருகின்றன. எனினும், குதிரை அடங்க மறுக்கும்போதெல்லாம் கடுமையான கம்பியை நாடுவது தவறாகும். ஏனெனில் அடங்காமைக்குக் காரணம் பெரும்பாலும் வலியே.

வாயின் அமைப்பு

குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பற்களற்ற இடைவெளி உண்டு. கம்பி அங்குதான் அமர்கிறது. அவ்விடத்தில் கீழ்த்தாடை எலும்பின் கூரிய விளிம்பை மெல்லிய ஈறு மட்டுமே மூடியுள்ளது. நாக்கோ வாயை ஏறக்குறைய நிறைத்துக் கிடக்கிறது. ஆகவே தடித்த கம்பி மென்மையானது என்னும் கருத்து எக்குதிரைக்கும் பொருந்துவதன்று. சிறிய வாயில் அது நாக்கை நெருக்கும். மிக மெல்லிய கம்பியோ அழுத்தத்தைக் குறுகிய பரப்பில் குவிக்கும்.

ஸ்நாஃபிள் வகையில் நெம்புகோல் இல்லை. வாரின் இழுப்பு பெருகாமல் நேரே வாயைச் சேர்கிறது. கர்ப் வகையிலோ பக்கக்கைகள் நெம்புகோலாகி இழுப்பைப் பெருக்குகின்றன. ஆயினும் ஸ்நாஃபிள் எப்போதும் மென்மையானதன்று. முரட்டுக் கையில் அதுவும் புண்ணாக்கும். 2019-இல் வெளியான ஆய்வு ஒன்றில், பந்தயம் முடிந்த 261 ஃபின்லாந்துக் குதிரைகளைச் சோதித்தபோது, 84 சதவீதக் குதிரைகளின் வாயில் கம்பி அமரும் பகுதியில் புதிய காயங்கள் காணப்பட்டன. இவை வண்டி இழுத்தோடும் குதிரைகளாயினும், வாயின் அமைப்பு ஒன்றே.

தேர்வு

ஒற்றை மூட்டுக் கம்பி, இழுக்கும்போது பாக்குவெட்டியைப் போல் மடிந்து இருபுறமும் நெருக்குகிறது. இரட்டை மூட்டுக் கம்பி நாக்கின் வளைவைத் தழுவி அழுத்தத்தைப் பரப்புகிறது. மூட்டில்லாத வளைந்த கம்பி அசைவு குறைந்தது. வளையம் தளர்வாயிருப்பின் கம்பி சற்று ஆடும். ஆனால் உதட்டைக் கிள்ளக்கூடும். நிலையான முட்டைவடிவ வளையத்தில் அக்குறை இல்லை.

அகலத்தை அளக்க ஒரு கயிற்றை வாயினூடே செலுத்தி, இரு உதட்டோரங்களிலும் குறியிடுக. அவ்வளவிற்கு மேல் இருபுறமும் சுமார் 5 மில்லிமீட்டர் மிகுதியிருத்தல் போதும். குறுகினால் உதடு நசுங்கும். மிகுந்தால் கம்பி வழுக்கும். உயரத்தைப் பொறுத்தவரை, கம்பி உதட்டோரத்தைத் தொட வேண்டுமேயன்றி, அதை மேலே இழுத்து நிறுத்தலாகாது.

மாற்றும் முறை

வாயைப் பிளத்தல், கம்பிக்கு மேல் நாக்கைப் போடுதல், தலையை உதறுதல் ஆகியவை எச்சரிக்கைக் குறிகள். மூக்குப்பட்டையை இறுக்கி வாயைக் கட்டினால் குறி மறையும், வலி மறையாது. முதலில் கால்நடை மருத்துவர் பற்களைப் பார்க்கட்டும். கடைவாய்ப் பற்களுக்கு முன்னே முளைக்கும் 'ஓநாய்ப் பல்' எனும் சிறுபல்லில் கம்பி இடித்தால் எக்கம்பியும் பயன் தராது. பின்னர் சேணம் முதுகை உறுத்துகிறதா என்றும், ஏறுபவரின் கை அசையாதிருக்கிறதா என்றும் ஆராய்க.

இவற்றில் குறை இல்லையெனில் கம்பியை மாற்றலாம். ஒரு முறையில் ஒன்றை மட்டுமே மாற்றுக. கம்பியையும் மூக்குப்பட்டையையும் ஒருங்கே மாற்றினால் பயன் எதனால் என்பது புலப்படாது. பழகிய இடத்தில் மெதுநடையில் தொடங்கிச் சில நாட்கள் கவனித்து, சவாரி முடிந்ததும் ஒவ்வொரு முறையும் உதட்டோரத்தையும் ஈற்றையும் பார்த்தல் வேண்டும். புண் கண்டால் ஆறும்வரை கம்பியின்றி ஓய்வளிப்பதே முறை. வாய் பேசாப் பிராணியின் துன்பத்தை அறிய, அதன் வாயைத் திறந்து பார்ப்பதே முதற்படி.