நெற்பயிரின் துங்ரோ நோயைப் பொன் துகளால் அறியும் முறை

சின்ன காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஏரிப்பாசன நிலங்களில் நெல் பயிரிடுவோர்க்கு, நட்ட சில வாரங்களில் பயிர் மஞ்சளிப்பது புதிதன்று. தழைச்சத்துக் குறைந்தாலும் துத்தநாகம் குறைந்தாலும் இலையின் நிறம் மாறும். துங்ரோ என்னும் வைரஸ் நோயாலும் அவ்வாறே நேரும். முதலிரண்டும் உரத்தால் தீரும். மூன்றாவதைப் பசியென்று எண்ணி யூரியாவை மேன்மேலும் இடுபவர், நோயைச் சுமந்து திரியும் பச்சைத் தத்துப்பூச்சிக்கு விருந்து வைத்தவராவார்.

துங்ரோவுக்குக் காரணமான வைரஸ்கள் இரண்டு. அவற்றுள் கோல் வடிவமுள்ளது டி.என்.ஏ. என்னும் மரபுப் பொருளை உடையது. டி.என்.ஏ. இரு புரி முறுக்கிய நூலை ஒத்தது என்பது 1953-இல் வெளியாயிற்று. (நெசவூராருக்கு இதை அதிகமாய் விளக்க வேண்டுவதில்லை.) சூடேற்றினால் புரிகள் பிரியும், ஆறவிட்டால் ஒவ்வொரு புரியும் தனக்கு இசைந்த புரியோடு மாத்திரமே கூடும். பரீட்சை முழுவதும் இக்குணத்தைப் பற்றியே நிற்கிறது.

கரியாலான சிறு மின்வாயின்மேல், வைரஸின் ஒரு பகுதிக்கு இசைந்த ஒற்றைப் புரியை முதலில் ஒட்டவைப்பார்கள். இலைச்சாற்றினின்று பிரித்த டி.என்.ஏ.யைச் சூடேற்றி அதன்மேல் விடுவார்கள். நோய் இருந்தால் புரி பற்றும். பின்பு பொன் துகள் கட்டிய மற்றொரு புரியை விட, அது வைரஸ் புரியின் எஞ்சிய பகுதியில் பற்றிக்கொள்ளும். பற்றாதவற்றை நன்கு கழுவி நீக்க வேண்டும். இதில் அசிரத்தையாயிருந்தால் நல்ல இலையும் நோயுற்றதாய்த் தோன்றும். ஈற்றில் பொன்னை அமிலத்தில் கரைத்து, மின்வாயில் படியச் செய்து, மீண்டும் கரையவிடுகையில் ஓடும் மின்சாரத்தை அளப்பார்கள்.

பொன் எதற்கெனில், டி.என்.ஏ. தானே தரும் மின்குறி மிகச் சொற்பம். அக்குறியைச் செக்கோஸ்லோவாகியாவின் பிர்னோ நகரில் எமில் பலேச்செக் 1960-இல் வெளியிட்டார். 20 நானோமீட்டர் குறுக்களவுள்ள ஒரு பொன் துகளிலோ ஏறக்குறைய இரண்டரை லட்சம் அணுக்கள் உள. ஒரு புரி பற்றியதற்கு அத்தனையும் சாட்சி சொல்லும். நானோமீட்டராவது ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கியதில் ஒரு கூறு. சரிகையில் மஞ்சளாய் ஒளிரும் பொன், இவ்வளவு நுணுகினால் நீரில் சிவந்து தோன்றும். மைக்கேல் பாரடே 1857-இலேயே இதை ஆராய்ந்து எழுதினார். பொன்னென்றதும் செலவை எண்ணி அஞ்ச வேண்டாம். ஒரு பரீட்சைக்கு வேண்டுவது கண்ணுக்குத் தெரியாத அளவே. விலையெல்லாம் கருவியிலும் கைத்தேர்ச்சியிலும் இருக்கிறது.

மின்வேதியியலுக்கென 1953-இல் திறக்கப்பட்ட மத்திய ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியிலும், நானோ இயலுக்கென ஒரு மையம் கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் உள்ளன. ஆயினும் இம்முறை துங்ரோவுக்கு ஏற்ற வயற்கருவியாக இன்னும் வந்து சேரவில்லை. ஆகையால் பழைய அயோடின் பரீட்சையைக் கைவிடலாகாது. காலை 6 மணிக்குமுன் இலை நுனியை 10 செ.மீ. நீளம் நறுக்கி, 100 மில்லி நீரில் 2 கிராம் அயோடினும் 6 கிராம் பொட்டாசியம் அயோடைடும் கரைத்த நீரில் வெட்டுவாயை 15 நிமிஷம் வைக்க வேண்டும். நல்ல இலையின் மாவுப்பொருள் இரவில் கரைந்துபோயிருக்கும். நோயுற்ற இலையில் அது தேங்கி நிற்பதால் கருநீலக் கீற்றுகள் காணும். இது சந்தேகத்தை எழுப்புமேயன்றி உறுதி தராது. கீற்றுக் கண்டவர்கள் உரமிடுவதை நிறுத்திவைத்து, இலைகளை வேளாண்மை அலுவலரிடம் சேர்ப்பிக்கவும். மஞ்சளித்த இலையையும் பச்சை இலையையும் ஒரே பையில் திணித்துக் கொண்டுவருவது வழக்கமாயிருக்கிறது. தனித்தனித் தாளில் சுற்றி, வயலின் சர்வே எண்ணை எழுதிக் கொண்டுவர வேண்டும்.