பிக்கப் வண்டிக்குப் படுதா: தேர்ந்தெடுப்பதும் கட்டுவதும்

கம்பம், போடி, உடுமலை, பொள்ளாச்சிப் பக்கங்களிலிருந்து வந்து இடுக்கியிலும் பாலக்காட்டிலும் குடியேறிய நம் குடும்பங்களில் பல, ஒரு பிக்கப் வண்டியை நம்பி வாழ்கின்றன. 2005ஆம் ஆண்டு டாட்டா ஏஸ் வந்த பிறகு, லாரி வாங்க வசதியில்லாதவர்களும் கடன் போட்டுச் சொந்த வண்டிக்காரர்கள் ஆனார்கள். வண்டி வாங்கும்போது டயர், எஞ்சின், வட்டி என்று எல்லாவற்றையும் விசாரிக்கின்றோம். சரக்கை மூடும் படுதாவை மட்டும் போகிற வழியில் கண்ட கடையில், "பதினைந்துக்குப் பன்னிரண்டு ஒன்று கொடுங்கள்" என்று வாங்கிப் போட்டு விடுகின்றோம். எல்லையோரச் சிற்றூர் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் படுதா தைத்தும், வண்டிகளுக்குக் கூண்டு அடித்தும் வருகிறேன். சங்க நண்பர்கள் கேட்டுக்கொண்டபடி எனக்குத் தெரிந்ததை எழுதுகின்றேன்.

ஏலக்காயை எடுத்துக்கொள்வோம். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது பலருக்கும் நினைவிருக்கும். அந்த விலையெல்லாம் வேண்டாம். கிலோ 2,000 என்று வைத்தாலே 50 கிலோ மூட்டை ஒன்று ஒரு இலட்ச ரூபாய். ஈரம் பட்ட காய் பச்சை நிறம் போய்ப் பூஞ்சை பிடித்தால் ஏலத்தில் அதைக் கேட்பார் இல்லை. ஆறு மாதத் தவணைப் பணம் ஒரே இரவில் நனைந்துவிடக் கூடும்.

சரக்கு நனைந்ததும் "படுதா ஒழுகுது அண்ணாச்சி" என்றுதான் என்னிடம் கொண்டு வருவார்கள். விரித்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பேன். பத்தில் ஏழெட்டில் ஓட்டையே இருக்காது. துணி வழியாக வரும் தண்ணீர் குறைவு. ஓரம் வழியாக, மூலை வழியாக, பின்பக்கம் வழியாக, அடித்தளம் வழியாக வருவதே அதிகம். அதனால் எந்தப் படுதா என்பதைவிட எப்படிக் கட்டியிருக்கிறது என்பதற்கே நான் முதலிடம் தருவேன். ஆயினும் வாங்குவது முதலில் வருவதால் அதையே முதலில் பார்ப்போம்.

எந்தப் படுதா?

மூன்று வகை கிடைக்கின்றது. முதலாவது மெழுகு ஏற்றிய பருத்திக் கித்தான். நம் அப்பா காலத்து லாரிகளில் இதுதான். காற்று சற்று உட்புகும், உள்ளே வியர்க்காது. ஆனால் நனைந்தால் கனம், ஈரத்தோடு மடித்தால் மக்கிப் போகும். இரண்டாவது, நீலம், மஞ்சள், கறுப்பு நிறங்களில் எங்கும் காணும் எச்.டி.பி.ஈ. பிளாஸ்டிக் படுதா. இலேசு, விலை மலிவு. மூன்றாவது பி.வி.சி. பூசிய பாலியெஸ்டர். விலையும் கனமும் கூடுதல். அன்றாடம் ஓடும் வண்டிக்கு அதுவே நின்று உழைக்கும்.

பிளாஸ்டிக் படுதாவின் தடிமனை ஜி.எஸ்.எம். என்ற எண்ணால் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்பதே அதன் பொருள். மலைச்சாலைக்கு 200க்குக் குறைந்து வாங்காதீர்கள். பி.வி.சி. என்றால் 500க்கு மேல். சிட்டையில் அச்சடித்த எண்ணை அப்படியே நம்பவும் வேண்டாம், கடைக்காரரோடு சண்டையும் வேண்டாம், தராசில் வைத்துவிடுங்கள். 15 அடிக்கு 12 அடி என்றால் 180 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 16.7 சதுர மீட்டர். 200 ஜி.எஸ்.எம். என்றால் 3 கிலோ 300 கிராமுக்குக் குறையக் கூடாது. தராசு இரண்டரைக் கிலோ காட்டினால் அது 150தான். எச்.டி.பி.ஈ. படுதாவுக்கு ஐ.எஸ். 7903 என்ற இந்தியத் தர அளவு உண்டு. அந்த முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். வெயிலைத் தாங்கும் மருந்து கலந்ததா என்று கேட்டு வாங்குங்கள். குமுளியில் மழை, இறங்கிக் கூடலூர் வந்தால் கொளுத்தும் வெயில் என்று நாள்தோறும் ஓடும் வண்டியில், மருந்து கலக்காத படுதா ஓராண்டில் பொடிப்பொடியாக உதிரும்.

சரக்கையும் பார்க்க வேண்டும். காய்கறி மூச்சு விடும் பொருள். வட்டவடை முட்டைக்கோசையோ, ஒட்டன்சத்திரத்திலிருந்து வரும் தக்காளியையோ பிளாஸ்டிக்கில் இறுக மூடினால் வெந்துவிடும். மழையில்லாத நாளில் வலைத்துணி போதும்; மழையென்றால் கூண்டின் மேல் படுதா போட்டு, பின்பக்கம் மேலே ஒரு சாண் திறப்பு விடலாம். பச்சைத் தேயிலைக்கும் இதே விதி. ஏலக்காய்க்கும் மறையூர் வெல்லத்துக்கும் நேர் எதிர். அவை ஈரத்தை இழுப்பவை, முழுக்க அடைத்தே ஆக வேண்டும். ஒன்று மட்டும்: உலர்த்தும் அறையிலிருந்து எடுத்த சூட்டோடு ஏலக்காயை ஏற்றாதீர்கள். இரவுக் குளிரில் படுதாவின் உட்புறம் வியர்த்து, மழையே இல்லாமல் மூட்டை நனையும். ஆறவைத்து ஏற்றி, மூட்டைகளுக்கு மேல் ஒரு வரிசை வெறும் சணல் சாக்கு விரித்து, அதன்மேல் படுதா போடுங்கள். சொட்டும் நீரைச் சாக்கு குடித்துவிடும்.

கூண்டு ஏன் வேண்டும்?

பலர் சரக்கின் மேலேயே படுதாவைப் போர்த்திக் கட்டுகிறார்கள். நடுவில் பள்ளம் விழும். 9 அடி நீளம், ஐந்தரை அடி அகலமுள்ள வண்டியில் ஒரே ஒரு அங்குலம் தண்ணீர் தேங்கினால் எவ்வளவு என்று என் மகளைக் கணக்குப் போடச் சொன்னேன். 117 லிட்டர், 117 கிலோ! போடிமெட்டுக் கொண்டையூசி வளைவில் அந்தத் தண்ணீர் ஒருபக்கமாகச் சாயும்போது வண்டி என்ன பாடுபடும் என்று எண்ணிப் பாருங்கள்.

நம் பாட்டன்மார் கூண்டு வண்டிக்கு மூங்கிலை வளைத்ததும் இதற்குத்தான். முக்கால் அங்குல இரும்புக் குழாயை வளைத்து, இரண்டரை அடிக்கு ஒன்றாக நிறுத்தி, உச்சியில் நீளவாக்கில் ஒரு குழாய் ஓட விட்டால் தண்ணீர் நிற்காமல் வழியும். பக்கப் பலகையில் குழாய் செருகும் குவளைகளைப் பொருத்திக்கொண்டால் வேண்டாதபோது கழற்றி வைக்கலாம். குழாயின் முனையும் பற்றுவைப்புப் பிசிறும் படுதாவைத் தின்னும். அங்கெல்லாம் பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றுங்கள். கழற்ற முடியாத தகரக் கூரையாக அடிக்க நினைப்பவர்கள் முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கின்றது.

அமெரிக்காவில் பிக்கப்பின் தொட்டியைப் பெட்டிக்கு மூடி போட்டாற்போல் தட்டையாக மூடுவார்கள்; அதற்கு 'டானோ' என்று பெயர். மடிப்பது, சுருட்டுவது என்று பல வகை. இங்கே எஸ்டேட்காரர்கள் வைத்திருக்கும் இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற நான்கு கதவு வண்டிகளுக்கு அது பொருந்தும். துளை போடாமல் விளிம்பில் பிடிப்பான் வைத்து இறுக்கும் வகையும் உண்டு. பலகைக்கு மேலே சரக்கை அடுக்கும் நமக்கு அது உதவாது.

அளவும் கட்டும்

அளவை மனக்கணக்காகச் சொல்லாதீர்கள். கூண்டை மாட்டி, ஒருபக்கக் கொக்கியிலிருந்து கூண்டின் மேலாக மறுபக்கக் கொக்கி வரை ஒரு கயிற்றைப் போட்டு அளந்தால் அகலம் வந்துவிடும். நீளத்துக்கு, முன்பலகையின் வெளிப்புறம் ஒன்றரை அடி கீழேயிருந்து தொடங்கி, பின்கதவின் பாதிவரை கயிற்றை இறக்குங்கள். இரண்டிலும் ஓர் அடி கூட்டிக்கொள்ளுங்கள். ஓரத்தை மடித்து, உள்ளே கயிறு வைத்துத் தைத்து, இரண்டு அடிக்கு ஒரு வளையம் அடிக்கச் சொல்லுங்கள். மூன்றடி இடைவெளி விட்டால் காற்று அங்கே வாய் திறக்கும்.

காற்றைப் பற்றி நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கஞ்சிக்கோட்டிலும் இராமக்கல்மேட்டிலும் காற்றாலை சுழல்வது சும்மாவா? பாலக்காட்டுக் கணவாயில் ஆனி, ஆடியில் மேல்காற்று. மார்கழி, தையில் கீழ்க்காற்று. வாளையாறு தாண்டி மேற்கே போகும் வண்டிக்கு ஒரு பருவத்தில் எதிர்க்காற்று, மறுபருவத்தில் பின்காற்று. எந்தக் காற்றானாலும் ஓடும் வண்டிக்கு முன்னிருந்து வருவதே பெரிது. ஆகவே முன்பக்கத்தை முதலில் இறக்கி இறுக்கிக் கட்டுங்கள். முன்மூலையில் மிஞ்சும் காதை வண்டியின் பக்கவாட்டில் பின்னோக்கி மடியுங்கள். பின்மூலையில் இரு பக்கத்துக் காதுகளையும் முதலில் உள்ளே மடித்து, பின்மடலை அவற்றின் மேல் இறக்குங்கள். மடிப்பின் வாய் எப்போதும் வண்டியின் பின்பக்கம் பார்த்தே இருக்க வேண்டும். இரண்டு படுதா போட்டால் முன்படுதா பின்படுதாவின் மேல் ஓர் அடியாவது ஏறி நிற்க வேண்டும், கூரையில் ஓடு வேய்வது போல.

பின்பக்கம் திறந்திருந்தால் மழை வராது என்று பலர் நினைக்கிறார்கள். ஓடும் வண்டியின் பின்னால் காற்று சுழன்று உள்ளே இழுக்கும். சாரலும் தூசியும் புகையும் அதோடு வரும். ஏலக்காய் மூட்டைகளில் கடைசி வரிசை நனைவது இதனால்தான். பின்விளக்கும் எண் பலகையும் மறையாத அளவுக்குப் பின்மடலை வெட்டிக்கொள்ளுங்கள்.

கட்டுவதற்கு நைலான் கயிற்றோடு, பழைய டியூப்பை வெட்டிய ரப்பர் வார்களையும் பயன்படுத்தலாம். துணி அடித்துக்கொள்ளும்போது ரப்பர் இழுத்துக் கொடுக்கும், வளையம் பிய்யாது. அடித்தளத்தில் இரண்டு அங்குல மரச்சட்டங்களைப் போட்டு அதன்மேல் மூட்டை அடுக்குங்கள். வடிகால் துளைகளைச் சேறு அடைக்காமல் குத்தி விடுங்கள்.

இடவப்பாதி தொடங்குமுன் ஒரு நாள், வெறும் வண்டிக்குள் பழைய செய்தித்தாளை விரித்து, படுதா கட்டி, வீட்டுப் பிள்ளைகளை விட்டு நாலா பக்கமும் பத்துக் குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். எந்தத் தாள் நனைந்தது என்று பார்த்தாலே எங்கே திருத்த வேண்டும் என்பது விளங்கிவிடும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கூண்டும் படுதாவும் போட்டதும் அது ஓர் அறை போல ஆகிவிடுகிறது. மழைக்கு ஒதுங்க ஆள் ஏறுகிறார்கள். தோட்ட வேலைக்கு வரும் பெண்களையும் ஏற்றுகிறார்கள். திருவிழாவுக்குக் குடும்பமே ஏறிப் போகின்றது. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றச் சட்டம் இடம் தரவில்லை. அப்படிப் பயணம் செய்தவர்களுக்கு இழப்பீடு தரும் பொறுப்பு காப்பீட்டு நிறுவனத்துக்கு இல்லை என்று 2002 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. மேலே சொன்ன அந்தப் பின்சுழல் காற்று எஞ்சின் புகையையும் உள்ளே இழுத்து வரும். என் பட்டறையில் கூண்டுக்குள் உட்கார இருக்கை அடித்துத் தரச் சொல்லிக் கேட்பவர்களிடம் மறுத்துவிடுகிறேன்.

பயணம் முடிந்ததும் படுதாவை ஈரத்தோடு சுருட்டி வைக்காமல், ஒரு கழியில் தொங்கவிட்டு உலர்த்துங்கள். வெல்லமோ அரிசியோ ஏற்றியிருந்தால் கழுவிய பின்னே மடியுங்கள், இல்லையேல் எலி கடிக்கும். பி.வி.சி. கிழிந்தால் அதே துணியில் ஒட்டுப் போடலாம். பிளாஸ்டிக் படுதாவைத் தைத்தால் ஊசித்துளை வழியே ஒழுகும்; சூடு வைத்து ஒட்டுவதே சரி. உதிரத் தொடங்கிய பழைய படுதாவை விறகு மூட வைத்துக்கொள்ளுங்கள். அதில் மிளகு காயப் போடாதீர்கள். பிளாஸ்டிக் செதில் மிளகோடு கலந்துவிடும்.